எந்தக் கம்பி வரை தெரிகிறது?

வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதியிலும் தொழிற்பேட்டைகளிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, எக்ஸ்ரே படம் மருத்துவமனையோடு முடிந்துபோகும் பொருளாக இருந்ததில்லை. எலும்பு முறிந்தவர் குணமாகி வேலைக்குத் திரும்பிய பின்னும், பழுப்புக் காகித உறைக்குள் இட்ட அந்தக் கரும்படம் பரண்மீதோ பீரோவின் தலைமீதோ பல்லாண்டுகள் கிடந்தது. புத்தூர் கட்டுக்காக ஆந்திர எல்லையைத் தாண்டிச் சென்றவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்தியவர்கள் ரேஷன் அட்டையோடு சேர்த்து அதையும் பத்திரப்படுத்தினார்கள். சூரிய கிரகணத்தன்று தெருப் பிள்ளைகள் அதைக் கண்ணுக்கு முன் பிடித்து வானத்தைப் பார்த்தார்கள். கண்ணைக் கெடுக்கும் வழக்கம் அது என்ற எச்சரிக்கை தெருவரை வந்து சேரப் பல காலம் ஆயிற்று. பழைய சாமான் வாங்க வருபவர்கள் நாளிதழைவிட அந்தப் படத்துக்கு நல்ல விலை தந்ததற்குக் காரணம், படத்தின் கருமையாகப் படிந்திருப்பது நுண்ணிய வெள்ளித் துகள் என்பதும், அதைக் கரைத்து மீட்டெடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதுமே.

இன்று படம் எடுத்த சில நொடிகளில் அது கணினித் திரைக்கு வந்துவிடுகிறது; மருத்துவர் தம் மேசையிலிருந்தே பார்க்கிறார்; நோயாளியின் மகள் அதைக் கைபேசியில் பிடித்து உறவினர் குழுவுக்கு அனுப்பிவிடுகிறாள். பரணில் வைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவேதான், திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில், போகிக்கு முன் பரண் ஒழித்த வீடொன்றில் அண்மையில் அத்தகைய உறையொன்று வெளிவந்தபோது, வீட்டார் எல்லாரும் அதைச் சுற்றி நின்றனர். உறைக்குள் இருந்தது எலும்பின் படம் அன்று. நீண்டு ஒடுங்கிய பிலிம் பட்டை ஒன்றும், அதன் நடுவே வெளிறிய வரியாக ஒரு வெல்டிங் ஜாயிண்டும், ஜாயிண்டின் குறுக்கே ஒன்றைவிட ஒன்று மெலிந்துகொண்டே போகும் ஆறேழு கம்பிகளின் நிழலும் அதில் இருந்தன. அந்த வீட்டிலிருந்து முன்னொரு கோடையில் கிண்டிப் பக்கம் ஆய்வுப் பயிற்சிக்குப் போய்வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு, மருத்துவப் படங்களைக் கணினியில் ஒப்புருவாக்கும் கலையின் முதற்பாடம் அந்தப் பட்டையிலேயே கிடைத்திருந்தது.

பட்டை அவருடைய தாய்மாமனுக்கு உரியது. மணலி, எண்ணூர் ஆலைகளில் குழாய்களையும் கொதிகலன்களையும் இணைக்கும் வெல்டிங்கின் உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று கதிர்வீச்சால் சோதிக்கும் வேலையை அவர் செய்துவந்தார். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஆர்.டி. எடுப்பது’ என்பார்கள். இவ்வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது இரிடியம்-192 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. அதன் வீரியம் சுமார் 74 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. கனத்த கவசமிட்ட ‘காமிரா’வுக்குள் அடைபட்டிருக்கும் அதை, தொலைவில் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் கம்பிவடத்தின் வழியே வெளியே தள்ளி, வேண்டிய நேரம் கழிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இரவில், கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்துவிட்டே இது நடக்கும். கதிர் படும் அளவைக் கணக்கிடும் பட்டையொன்று பணியாளரின் மார்பில் எப்போதும் இருக்கும். மாமன் விடியற்காலையில் வீடு திரும்பி, குளித்துவிட்டு, பழைய சோற்றுக்கு உட்காரும் வேளையில் மருமகன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அந்தச் சிறு இடைவெளியில்தான் கம்பிகளைப் பற்றிய விளக்கம் கிடைத்தது.

கம்பிகள் வெல்டிங்கின் பகுதியல்ல. தடிமன் முன்கூட்டியே தெரிந்த கம்பிகளைப் பிளாஸ்டிக் உறையில் வரிசையாகப் பதித்து, ஜாயிண்டின்மேல் வேண்டுமென்றே வைத்துப் படம் எடுப்பார்கள். பெனட்ரோமீட்டர் என்று அதற்குப் பெயர். படத்தில் எந்தக் கம்பி வரை கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்தத் தடிமன் வரையுள்ள குறையை அந்தப் படம் காட்டும் என்று நம்பலாம். அதனினும் மெல்லிய கம்பி மறைந்துவிட்டால், படத்தில் விரிசல் தெரியவில்லை என்பதை வைத்து விரிசல் இல்லை என்று எழுதித்தர முடியாது. ஜாயிண்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. கம்பியின் தடிமன் எல்லாருக்கும் தெரியும். தெரியாததைச் சோதிக்கும் கருவியைத் தெரிந்ததை வைத்துச் சோதிப்பது என்னும் இந்த ஒழுங்கு, இரவு வேலை முடித்து வந்த ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து சோற்றுக்கும் மோருக்கும் நடுவே வந்தது என்பதைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

சாத்தாங்காடு இரும்பின் ஊர். ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் நெரிந்துகிடந்த இரும்பு வணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுவரச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இங்கே இரும்பு எஃகு அங்காடியை அமைத்தது. அதன் பிறகு டிரெய்லர் லாரிகளும், கிரேன்களும், தகடு வெட்டும் பட்டறைகளும், எடைமேடைகளும் ஊரின் முகத்தையே மாற்றிவிட்டன. மாணவரின் தந்தை அங்கே ஒரு யார்டில் கணக்கெழுதினார். தகட்டின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி 7.85ஆல் பெருக்கினால் எடை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில்: இவ்விரண்டு வாய்ப்பாடுகளும் அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பத்தாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம். எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல 7.85 மடங்கு என்பதே முதல் வாய்ப்பாட்டின் பொருள் என்பது பின்னாளில் இயற்பியல் வகுப்பில்தான் விளங்கியது.

இளநிலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வகங்களுக்கு அழைத்து, உதவித்தொகையும் கொடுத்து, ஒரு வழிகாட்டியின் கீழ் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைசெய்ய விடும் திட்டங்கள் நம் நாட்டில் சில உண்டு. பெங்களூரிலும் தில்லியிலும் அலகாபாதிலும் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துவது ஒன்று, சென்னை ஐ.ஐ.டி. தானாக நடத்துவது மற்றொன்று. அம்மாணவருக்கும் இத்தகைய வாய்ப்பொன்று கிட்டியது. திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் மாறி, தாம்பரம் வண்டியில் கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்து ஆய்வக வளாகத்தை அடைவதற்குள் அக்னி நட்சத்திர வெயில் சட்டையை நனைத்துவிடும். வண்டியில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கித் திரும்பும் கூடைக்காரப் பெண்களும், கல்லூரிப் பிள்ளைகளும், இரவு ஷிப்ட் முடித்து நின்றபடியே தூங்குபவர்களும் இருப்பார்கள். 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, அதே பயணம் மாறாமல் இறங்காமல் குளிர்ந்த பெட்டியில் ஒரே இருக்கையில் நடந்துவிடுகிறது. வசதி பெரிது, ஆனால் கடற்கரை நிலையத்து நடைமேடையில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் படித்து முடித்த பக்கங்களும் பெரியவையே.

வழிகாட்டிப் பேராசிரியர் முதல்நாள் கொடுத்த வேலை, ஒரு தலையை வரைவது. மருத்துவப் படவியலில் பேண்டம் என்று வழங்கும் மாதிரி உடல், மெழுகாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்படும் உண்மையான பொருளாகவும் இருக்கலாம், கணினிக்குள் வெறும் எண்களாகவும் இருக்கலாம். இரண்டாம் வகையில் உலகெங்கும் பழகிப்போன ஒன்றை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெப், லோகன் இருவரும் 1974இல் வெளியிட்டனர். பத்து நீள்வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மனிதத் தலையின் குறுக்குவெட்டு வந்துவிடுகிறது: மண்டையோட்டுக்கு 2 என்னும் அடர்த்தி எண், மூளைக்கு 1.02, மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளுக்கு 1.00, சிறு கட்டிகளுக்கு 1.03. மூளைக்கும் கட்டிக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. எனவே, 0 முதல் 2 வரையுள்ள எண்களையெல்லாம் கருமை முதல் வெண்மை வரை திரையில் பரப்பினால், வெள்ளை வளையத்துக்குள் ஒரே சாம்பல் நிறமாகத் தலை தெரியுமே தவிர, உள்ளே ஒன்றும் தெரியாது. 1.00 முதல் 1.04 வரையுள்ள குறுகிய இடைவெளியை மட்டும் எடுத்து அதை முழுக் கருமையிலிருந்து முழு வெண்மைவரை விரிக்கும்போது, சாம்பலுக்குள்ளிருந்து கட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. ஸ்கேன் மையங்களில் நிபுணர்கள் சுட்டியை இழுத்து இழுத்துச் செய்வது இதுதான். மூளைக்கு ஒரு சாளரம், எலும்புக்கு வேறொரு சாளரம் என்று ஒரே எண்தொகுப்பைப் பலவாறு பார்க்கிறார்கள். அம்மாணவர் அதை முதன்முறை செய்து பார்த்த பிற்பகல், பக்கத்து மேசையில் இருந்தவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினார்.

இல்லாத தலையைப் படமெடுத்து என்ன பயன் என்ற கேள்வி வீட்டிலும் தெருவிலும் எழுந்தது, நியாயமான கேள்வியே. உயிருள்ள மனிதரைச் சி.டி. ஸ்கேன் செய்யும்போது, திரையில் தெரியும் புள்ளி கட்டியா, கருவி செய்த பிழையா என்பதை உறுதியாகச் சொல்ல, திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. கருவியின் அமைப்பை மாற்றி மாற்றிச் சோதிக்க அதே மனிதரை மீண்டும் மீண்டும் கதிருக்கு உட்படுத்துவதும் அறமன்று. கணினிக்குள் இருக்கும் உடலில் கட்டி எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் எழுதியவருக்குத் தெரியும். ஆகவே கருவி தரும் விடையை உண்மையோடு ஒப்பிட்டு, பிழையை எண்ணாகவே எழுதிவிட முடியும். ஒப்புருவாக்கத்தின் முழு மதிப்பும் இங்கேயே இருக்கிறது. மாமனின் கம்பிகளும் செய்தது வேறொன்றுமில்லை.

சி.டி. ஸ்கேன் பிறந்த வரலாறும் மாதிரிப் பொருள்களின் வரலாறே. ஒரு பொருளின் ஊடாக எல்லாத் திசைகளிலும் கோடுகள் வரைந்து, ஒவ்வொரு கோட்டின் வழியிலும் மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் தெரிந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடோன் 1917இலேயே நிறுவிவிட்டார்; மருத்துவ உலகம் அதை அறியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சு அளவைக் கவனித்துக்கொள்ள வாய்த்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக், 1950களின் பிற்பகுதியில் அதே கணக்கைத் தாமாகப் போட்டார். மரவளையத்தின் நடுவே அலுமினிய வட்டு வைத்த மாதிரி ஒன்றைக் காமா கதிரால் சோதித்தபோது, வட்டின் மையத்தில் மட்டும் அடர்த்தி சற்றுக் குறைவாக இருப்பதாகக் கணக்குக் காட்டியது. பட்டறையில் விசாரித்ததில், வட்டைக் கடைந்தவர்கள் மையத்தில் வேறு வகை அலுமினியத்தாலான முளையொன்றைப் பொருத்தியிருந்தது தெரியவந்தது. கணக்கு போட்டவருக்கே தெரியாமல் உள்ளே இருந்ததைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, பழைய லேத் இயந்திரத்தின் படுக்கைமீது தம் முதல் சோதனைக் கருவியைப் பொருத்தினார். ஒரு பொருளை அளந்து முடிக்க அதற்கு 9 நாள் பிடித்தது. 1971 அக்டோபரில் இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979இல் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். லேத்தும் கடைசல் பட்டறையும் சாதாரணமாகக் கண்ணில் படும் ஊரிலிருந்து வந்த மாணவருக்கு, இந்த வரலாறு பாடநூலில் இருந்த எதையும்விட நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

அதே 1971ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு செய்தி, அவர் பயன்படுத்திய மென்பொருளுக்குள்ளேயே காத்திருந்தது. பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து படத்தை மீட்டெடுக்கும் கட்டளையைக் கொடுக்கும்போது, எந்த வடிகட்டி வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் வடிகட்டிக்கு ‘ராம்-லாக்’ என்று பெயர். வெளிநாட்டுப் பெயர் என்றே அதை எண்ணிக் கடந்துவிட்ட மாணவரிடம், பேராசிரியர், கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டித்தானே தினமும் வருகிறீர்கள் என்று கேட்டார். ராம் என்பது ஜி.என். இராமச்சந்திரன், லாக் என்பது அவருடன் பணியாற்றிய ஏ.வி. லட்சுமிநாராயணன்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி.வி. இராமனிடம் பயின்ற இராமச்சந்திரன், 1952இல் முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தாமே மருத்துவர் என்பதால், இயற்பியலாளர் ஒருவர் உயிரியலுக்குள் நுழைவதை ஊக்கப்படுத்தினார். அடுத்திருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய வடம் என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1950களின் நடுவில் கண்டதும், புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடங்கலாம் என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடத்தை இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டதும் கிண்டியில் நடந்தவை. பிறகு பெங்களூர் சென்று, அங்கிருந்து 1971இல் லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய கட்டுரை, மீட்டெடுப்புக் கணக்கை மிகவும் சுருக்கிவிட்டது.

அந்தக் கணக்கின் சாரத்தை விளக்குவது கடினமன்று. திருவொற்றியூர் மாடவீதிகளில் தனித்தனியே நின்றவர்கள், தேர் தம் தெருவிலிருந்து எந்த நேர்க்கோட்டில் தெரிந்தது என்பதை மட்டும் சொல்ல, அக்கோடுகளையெல்லாம் ஒரே தாளில் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேர் நிற்பது தெரியும். ஆனால் கோடுகள் தாள் முழுவதும் ஓடுவதால் சுற்றிலும் மங்கலும் படியும். இம்மங்கலை நீக்க, ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன்பே சீராக்கவேண்டும். அதுவரை இதற்குப் பெரிதும் கையாளப்பட்ட ஃபூரியே மாற்றம் என்னும் நெடிய கணக்கைத் தவிர்த்து, நிழலின் ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தாலே போதும் என்று இவ்விருவரும் காட்டினர். விகிதம் இதுதான்: நடுவிலுள்ள எண்ணுக்குக் கால்; அதிலிருந்து இரட்டைப்படை தொலைவில் உள்ளவற்றுக்குச் சுழி; ஒற்றைப்படை தொலைவில் உள்ளவற்றுக்குத் தொலைவின் இருமடிக்கேற்பச் சிறுத்துக்கொண்டே போகும் குறை எண்கள். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். அம்மாணவர் உண்மையிலேயே கடற்கரை நிலையத்து நடைமேடையில் உட்கார்ந்து, ஒரு சிறு வட்டின் நிழலுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்; வட்டின் ஓரங்களில் குறை எண்கள் குழிவிழுந்து நிற்பதையும், அக்குழிகளே பிற நிழல்களின் மங்கலைத் தின்றுவிடுவதையும் கையால் எழுதிக் கண்டார். உலகின் சி.டி. கருவிகள் பல பத்தாண்டுகள் இவ்வழி வந்த வடிகட்டிகளைக் கொண்டே இயங்கின. நோபல் குழு அப்பெயர்களைக் குறிப்பிடவில்லை என்ற வருத்தம் நம்மவர்களிடம் உண்டு. அவற்றைப் பரவலாக அறியச் செய்யாமல் விட்டது நாமே என்பதால், அவ்வருத்தத்தை முதலில் நம்மிடமே திருப்பிக்கொள்வது தகும்.

பயிற்சியின் மையப் பொருளாக மாணவர் தேர்ந்தெடுத்தது, உடலுக்குள் இருக்கும் உலோகம். சாத்தாங்காட்டுத் தெருக்களில் ‘காலில் ராடு வைத்திருக்கிறது’, ‘இடுப்பில் பிளேட் இருக்கிறது’ என்பவை அன்றாடப் பேச்சு. டிரெய்லர் இடித்தவர்கள், தகடு சரிந்து விழுந்தவர்கள், கிரேன் சங்கிலி அறுந்து அடிபட்டவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அத்தகையவரை மீண்டும் ஸ்கேன் செய்யும்போது, உலோகத்தைச் சுற்றிக் கருப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் தெறித்து, பக்கத்திலுள்ள எலும்பு ஒட்டியதா என்பதையே மறைத்துவிடுகின்றன.

ஏன் என்பதை எண்கள் தெளிவாகச் சொல்லும். மருத்துவப் படங்களில் வழங்கும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஆயிரம் கதிர்த் துகள்கள் 20 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் புகுந்தால், ஏறத்தாழ 16 துகள்கள் அடிபடாமல் மறுபக்கம் வந்துசேரும். மனித உடலின் மென்மையான பகுதிகளும் ஏறக்குறையத் தண்ணீரே. அதே ஆற்றலில் வெறும் ஒரு சென்டிமீட்டர் இரும்பைக் கடப்பவை பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. உணர்விக்கு வந்துசேருவது ஏதுமில்லாதபோது, அந்தக் கோட்டின் வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடையும் இல்லை. மேலும், எக்ஸ்ரே குழாயிலிருந்து வருவது ஒரே ஆற்றலுள்ள கதிரன்று, பல ஆற்றல்களின் கலவை. ஆற்றல் குறைந்தவற்றை உலோகம் முதலில் விழுங்கிவிட, எஞ்சியவை ஊடுருவும் திறன் மிகுந்தவையாக இருப்பதால், உலோகம் உண்மையில் இருப்பதைவிட மெல்லியது என்று கணக்கு ஏமாந்துபோகிறது. இதைக் கதிர் கடினமாதல் என்பர். இரிடியத்தின் காமா கதிர் இதைவிடப் பலமடங்கு ஆற்றல் மிக்கது. அதனால்தான் மாமனின் வேலையில் சுமார் ஒன்றே கால் சென்டிமீட்டர் எஃகைக் கடந்தும் பாதி மிஞ்சியது. உடலுக்கு ஏற்ற கதிர் எஃகுக்குப் போதாது, எஃகுக்கு ஏற்ற கதிரில் உடலின் நுட்பம் தெரியாது. உலோகம் தாங்கிய உடல் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

உடலுக்குள் மோதிச் சிதறும் கதிர்த் துகள்களையும் ஒப்புருவாக்கத்தில் சேர்க்க மான்டி கார்லோ முறை வேண்டியிருந்தது. 1940களின் பிற்பகுதியில் லாஸ் அலாமோஸ் அணு ஆய்வகப் பணிகளை ஒட்டி ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நியூமன் முதலியோர் வளர்த்தெடுத்த இம்முறையில், ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பிறப்பித்து, அது எவ்வளவு தூரம் சென்று, எங்கே மோதி, விழுங்கப்படுகிறதா திசைமாறுகிறதா என்பதை இயற்கையின் விகிதங்களின்படி தற்செயல் எண்களைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு உருவான ஜியாண்ட்4 என்னும் நிரல்தொகுப்பும், அதன்மேல் மருத்துவப் படங்களுக்காகவே எழுதப்பட்டு 2004இல் வெளியான கேட் தொகுப்பும் இலவசமாகக் கிடைப்பதால், ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியிலும் இதைச் செய்யலாம். வீட்டில் அது இரவெல்லாம் ஓடியது. மின்சாரம் போனால் வேலை முழுவதும் வீணாகாதபடி, ஓட்டத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு தொடக்க எண் கொடுத்துச் சேமிக்கும் பழக்கம் அப்போது வந்தது. படத்தின் புள்ளி இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு துகள்கள் வேண்டும் என்பது விதி. கணினியில் அதன் விலை நான்கு மடங்கு நேரம். மருத்துவமனையில் அதன் விலை நோயாளி வாங்கிக்கொள்ளும் நான்கு மடங்கு கதிர். மின்விசிறியின்கீழ் பாய்விரித்துப் படுத்து, திரையில் எண்கள் நகர்வதைப் பார்த்திருந்தவருக்கு, முதல் விலையைத் தாம் செலுத்துவது இரண்டாம் விலையைப் பிறர் செலுத்தாமல் இருப்பதற்காக என்பது ஆழமாகப் பதிந்தது.

கீற்றுகளை நீக்க அவர் எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் வில்லி காலெண்டரும் உடன்பணியாளர்களும் 1987இல் விவரித்த எளிய வழி: நிழலில் உலோகம் மறைத்த பகுதியை அழித்துவிட்டு, இருபுறமும் உள்ள எண்களை நேர்க்கோட்டால் இணைத்து இட்டுநிரப்புவது. படம் உடனே தெளிந்துவிட்டது. விடை தெரிந்த மாதிரி உடல் கையில் இல்லாதிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எழுதிவைத்த உடலோடு ஒப்பிட்டபோது, உலோகத்தை ஒட்டிய எலும்பின் விளிம்பு உண்மையைவிட மழுங்கியிருப்பதும், உள்ளே எழுதியிருந்த மெல்லிய முறிவுக்கோடு காணாமல் போயிருப்பதும் தெரிந்தன. அழகாக இருக்கும் படம் உண்மையான படமாக இருக்கவேண்டும் என்பதில்லை. இன்று கற்றறியும் நிரல்கள் மங்கலான படங்களை நொடியில் துலக்கித் தருகிற காலத்தில், இது முன்னெப்போதையும்விட உரக்கச் சொல்லத்தக்கது. துலக்கித் தரும் எதையும், விடை தெரிந்த உடலை வைத்துச் சோதிக்காமல் நோயாளியிடம் கொண்டுசெல்லக் கூடாது.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமன் வீட்டுக்கு வந்திருந்தார். திருத்துவதற்கு முன்பும் பின்பும் உள்ள படங்களைத் திரையில் அருகருகே வைத்து மருமகன் காட்டினார். மாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிலிமைப் பார்க்கும் பழக்கத்தில் திரைக்கு மிக அருகே குனிந்தார். கீற்றுகள் போனதை அவர் பாராட்டவில்லை. “ஏன்டா, இதுல எத்தினாவது கம்பி வரைக்கும் தெரியுது?” என்றார். “இதுல கம்பி இல்ல மாமா” என்று சொன்னதற்கு, “அப்ப எத வச்சிடா பாஸ் பண்ற?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாளே மாதிரி உடலில் எலும்புக்குப் பக்கத்தில், தடிமன் படிப்படியாகக் குறையும் கம்பி வரிசை ஒன்று சேர்க்கப்பட்டது. உலோகத்திலிருந்து ஒவ்வொரு தொலைவிலும் எந்தக் கம்பி வரை தெரிகிறது, திருத்தத்துக்குப் பின் அது கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்டும் அட்டவணையே அறிக்கையின் கடைசிப் பக்கமாயிற்று. பேராசிரியர் மற்றப் பக்கங்களை வேகமாகப் புரட்டி இதில் மட்டும் நின்று, இந்த யோசனை யாருடையது என்று விசாரித்தார். விடை கேட்டதும், நன்றியுரையில் அவர் பெயரை எழுதுங்கள், தொழிலையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதப்பட்டது. அடுத்த கோடையில் அந்த மேசைக்கு வந்த மாணவி, அதே கம்பிகளைக் கீற்று ஓடும் திசைக்கு இணையாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் கிடத்திப் பார்த்து, இணையாகக் கிடப்பவையே முதலில் மறைகின்றன என்று தம் அறிக்கையில் காட்டினார்.